மூன்றரை மிடறு

என் அலுமாரியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்குகிறது. மூன்றாவது பொத்தானிலிருந்து இடுப்பு வரை அதில் ஒரு பச்சைக் கறை. எட்ட நின்று பார்த்தால் யாரோ புல்லில் குப்புற விழுந்து எழும்பியது போலிருக்கும். ஆனால் அது தேநீர்க் கறை. யப்பானியர் சடங்கு முறையில் குடிக்கிற, பாணிப் பதத்துக்குக் குழைத்தெடுத்த பச்சைத் தேநீர். நான் வைத்தியசாலையொன்றின் கிருமி நீக்கும் பிரிவில் பதினேழு வருடங்களாக வேலை செய்கிறவன். சத்திரசிகிச்சைக் கத்தரிக்கோலின் மூட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரத்தத் துணிக்கையை வெறுங்கண்ணால் கண்டுபிடிப்பேன் என்று பெருமையடிக்கிறவன். இந்தக் கறையை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. என் மனைவி வருடத்தில் இரண்டு தரமாவது அந்தச் சட்டையை வெளியே இழுத்து, "இதை எறியட்டோ?" என்று கேட்பாள். நான் வேண்டாம் என்பேன். அவள் ஏன் என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டாள்.

எங்கள் பிரிவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது ஒரு சுவரால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பக்கம் அழுக்குப் பக்கம், மறு பக்கம் சுத்தப் பக்கம். பெயரே அதுதான், கதவிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். சத்திரசிகிச்சை முடிந்து வருகிற கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அழுக்குப் பக்கத்தில் இறங்கும். அங்கே நிற்பவர் அவற்றைப் பிரித்து, தேய்த்து, சுவருக்குள் பதித்திருக்கும் இயந்திரத்தில் அடுக்குவார். அந்த இயந்திரத்துக்கு இரண்டு கதவுகள். அவர் தன் பக்கத்துக் கதவைப் பூட்டி, அது கழுவி முடித்த பிறகுதான் எங்கள் பக்கத்துக் கதவு திறக்கும். நாங்கள் எடுத்துப் பார்த்து, தட்டுகளில் அடுக்கி, நீராவியில் வைப்போம். அழுக்குப் பக்கத்திலிருந்து சுத்தப் பக்கம் வருவதென்றால் உடுப்பு மாற்றி, முழங்கை வரை கழுவ வேண்டும். ஆக, எது சுத்தம், எது அழுக்கு என்பதைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்ற எண்ணம் எனக்கு நிறையவே இருந்தது.

சுத்தப் பக்கத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவர் ஒரு யப்பானியப் பெண். டேனிஷ்காரரைக் கலியாணம் முடித்து டென்மார்க்குக்கு வந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். வீட்டில் கதைக்கும்போது யப்பான் அக்கா என்று சொல்லத் தொடங்கி, கடைசியில் அவரையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அக்கா என்றால் என்னவென்று கேட்டறிந்து, தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டார். ஓர் இடுக்கியைத் தட்டில் வைத்தால், வைத்த பிறகும் அவர் கை அதைவிட்டு உடனே வராது. பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு மெல்லக் கையை உருவுகிற தாயைப் போல எடுப்பார். அவர் ஒரு தட்டு முடிக்கும் நேரத்தில் நான் இரண்டு முடிப்பேன். அதைச் சொல்லிக் கேலி செய்வேன். சத்திரசிகிச்சை அறையிலிருந்து பிழை என்று திரும்பி வருகிற தட்டுகளில் என்னுடையவைதான் அதிகம் என்பதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர் அண்ணை. எங்கள் மூவரிலும் அங்கே கூடிய காலம் வேலை செய்தவர் அவர்தான். நான் சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டு அறையில் தமிழ் முகத்தைக் கண்ட சந்தோசத்தில் பக்கத்தில் போய் இருந்து, "அண்ணை எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"ஸ்கீவ," என்றார். அகதியாக வந்தபோது அரசாங்கம் அவரைக் கொண்டுபோய் விட்ட சின்னப் பட்டினம் அது.

"இல்லை அண்ணை, ஊரிலை?"

ஊரைச் சொன்னார். அது என் ஊருக்கு அடுத்த ஊர். நான் விடவில்லை. "அங்கை எந்தப் பக்கம்?"

அவர் கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு அதையும் சொன்னார். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயிலுக்கு அந்தப் பக்கமா, குளத்துக்கு இந்தப் பக்கமா என்று கேட்பது வழி தெரிந்துகொள்வதற்கல்ல. சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமல் ஒருவருடைய சாதியைத் தெரிந்துகொள்வதற்கு. பதில் கிடைத்தது. நான் அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். அதைப் பிழை என்று அன்றைக்கு நினைக்கவில்லை. நான் இஷொய் தமிழ் விழா மேடையில் சாதிக்கு எதிராகப் பேசிக் கைதட்டு வாங்கியவன். எனக்கு அதெல்லாம் இல்லை என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தேன்.

அண்ணையின் வீடு புரொண்பியில். நான் இருக்கிற இஷொய்க்குப் போகிற வழி. ஆகவே பின்னேரங்களில் அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் விடுவேன். பதினொரு வருடங்கள் இப்படிப் போனது. அரசியல், பிள்ளைகளின் படிப்பு, முழங்கால் வலி, நாங்கள் கதைக்காத விசயம் இல்லை. ஒவ்வொரு நாளும் இறங்கும்போது, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போமன் தம்பி" என்பார். நானும், "இப்பதான் வேலையிலை குடிச்சனாங்கள் அண்ணை" என்று சொல்லிவிட்டுக் காரைத் திருப்புவேன்.

யப்பான் அக்காவுக்கு புரொண்பி ஓரத்தில் ஒரு கொலனிஹேவ இருந்தது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒரு துண்டு நிலம் எடுத்து, வேலி அடைத்து, மரக் குடில் போட்டுக் கோடை முழுக்க அங்கேயே கிடப்பார்களே, அதுதான். அயலில் எல்லாம் கொடிக் கம்பமும் இறைச்சி வாட்டும் அடுப்புமாக இருக்க, இவர் குடிலைத் தேநீர் அறையாக்கி வைத்திருந்தார். கணவரைக் கொண்டு சுவரில் ஒரு சதுர ஓட்டை வெட்டுவித்து அதையே வாசலாக்கியிருந்தார். குனிந்து, முழங்காலில் ஊர்ந்துதான் உள்ளே போகலாம். முந்திய காலத்தில் வாள் வைத்திருந்த பிரபுக்களும் வாளை வெளியே மாட்டிவிட்டு இப்படித்தான் ஊர்ந்து போனார்களாம். உள்ளே எல்லோருக்கும் ஒரே நிலம், ஒரே உயரம். சாப்பாட்டு அறையில் அவர் இதைச் சொன்னபோது நான் பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். அண்ணைதான் நிமிர்ந்து கேட்டார், "உண்மையாகவா? எல்லோருமா?" என்று.

"எல்லோரும்," என்றார் யப்பான் அக்கா. "கிண்ணமும் ஒன்றுதான். எல்லோரும் அதிலேயே குடிப்போம்."

"அப்ப நான் வாறன்," என்று அண்ணை என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். பிறகு அதையே டேனிஷில் அவருக்கும் சொன்னார்.

அப்படித்தான் அந்தப் புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை ஏற்பாடாகியது. அண்ணை, நான், எங்கள் பிரிவுத் தலைவி என்று மூன்று விருந்தினர். தலைவி ஆறடி உயரமான டேனிஷ்காரி. யப்பான் அக்காவிடம் ஏற்கெனவே சில தடவை தேநீர் குடித்தவர். யப்பான் அக்கா முதல் விருந்தினராக அண்ணையை வைத்தார், கூடிய காலம் வேலை செய்தவர் என்பதால். அடுத்தது நான். பழகியவர் கடைசியில் இருந்தால் உதவியாக இருக்கும் என்று தலைவி கடைசியில். ஒரு கிழமை முழுக்கச் சாப்பாட்டு அறையில் கோப்பிக் கோப்பையை வைத்து எங்களுக்குப் பழக்கினார். கிண்ணத்தை இரண்டு கையாலும் எடு. நன்றி என்று சற்று உயர்த்து. அதன் முகம், அதாவது அழகான முன்பக்கம், உன் வாயில் படாதபடி திருப்பு. மூன்றரை மிடறு குடி. உதடு பட்ட இடத்தை ஈரத் துணியால் துடை. திருப்பி அடுத்தவருக்கு நீட்டு. எனக்கு எல்லாம் பாடம். அண்ணையைவிட நான்தான் பிழையில்லாமல் செய்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று நடந்ததற்குத் தெரியாத்தனம் காரணமில்லை.

கைத்தொலைபேசி, மணிக்கூடு எல்லாம் வெளியே ஒரு கூடையில் போட்டோம். கல் தொட்டியில் கையும் வாயும் கழுவினோம். தலைவி தன் நீண்ட கால்களை எந்தப் பக்கம் மடக்குவது என்று தெரியாமல் வாசலில் சிக்கிக்கொள்ள, அண்ணை உள்ளேயிருந்து கை கொடுத்து இழுத்தார். நான்கு பேர் இருந்தால் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லாத அறை. ஒரு மூலையில் கரி அடுப்பில் கேத்தல் மெல்ல இரைந்தது. யப்பான் அக்கா முதலில் ஓர் இனிப்புத் தந்தார். உள்ளே அவித்து மசித்த பயறு, மோதகத்து உள்ளுடன் போல. பிறகு சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்து, மடித்த பட்டுத் துணியால் துடைக்கத் தொடங்கினார். எல்லாம் ஏற்கெனவே பளிச்சென்று இருந்தவை. தொழில்காரன் கண்ணுக்கு அது தெரியும். கழுவியதை ஏன் எங்களுக்கு முன்னால் இவ்வளவு ஆறுதலாகத் துடைக்கிறார் என்று யோசித்தேன். கொஞ்ச நேரத்தில் யோசிப்பதும் நின்றுவிட்டது. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது. வேலையில் மந்தமாகத் தெரிந்த அதே கை, அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவுதான் எடுத்தது.

கறுப்புக் கிண்ணம். அதில் பச்சைத் தூளைப் போட்டு, வெந்நீர் கொஞ்சம் விட்டு, சின்ன மூங்கில் மத்தால் நுரைக்க அடிக்காமல் குழைத்தார். அண்ணை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். எப்படி இருக்கிறது என்று யப்பான் அக்கா கேட்க, நல்லாயிருக்கிறது என்று பழக்கிய பதிலைச் சொன்னார். மூன்றரை மிடறு. பிறகு அவர் துடைத்ததைப் பார்த்தேன். விளிம்பில் உள்ளும் புறமும் துணியை மடித்து, மூன்று தடவை, பதினொரு வருடமாகச் சுவருக்கு அப்பால் அவர் செய்துவந்த அதே கவனத்தோடு துடைத்தார். கிண்ணத்தைத் திருப்பி எனக்கு நீட்டினார். கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது. நான் குனிந்து வாங்கினேன். உயர்த்தினேன். உயர்த்திய கை நிற்கவில்லை. அது முகத்துக்கு மேலே போயிற்று. தலை பின்னால் சாய்ந்தது. ஊரில் பொதுச் செம்பிலே உதடு படாமல் அண்ணாந்து குடிப்போமே, அப்படி வாயைத் திறந்துகொண்டு கிண்ணத்தைச் சரித்தேன்.

அந்தத் தேநீர் ஊற்றுகிற தேநீர் இல்லை. முதலில் ஒரு துளியும் வரவில்லை. இன்னும் சரித்தேன். பிறகு ஒரேயடியாக வழுக்கி வந்து தாடையில் விழுந்து நெஞ்சால் இறங்கியது. "ஐயோ, சுட்டுவிட்டதா?" என்று தலைவி கேட்டார். தடுமாற்றம் என்று நினைத்திருப்பார். யப்பான் அக்கா ஒரு வெள்ளைத் துணியை மடித்தபடியே என் முன்னால் வைத்தார். கிண்ணத்தில் மிஞ்சியதைத் தலைவி குடித்து முடித்தார். அண்ணை என்னைப் பார்க்கவில்லை. கிண்ணம் எந்தக் கைக்குப் போகிறதோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்த சிரிப்பு போயிருந்தது.

திரும்பி வரும்போது காரில் நான்தான் கதைத்தேன். யப்பான் இனிப்பு, தலைவியின் கால், வாயில் வந்ததெல்லாம். அவர் வீட்டு வாசலில் நிறுத்தியபோது இறங்கவில்லை.

"தம்பி, கோவிக்காமல் ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ அண்ணை."

"பதினொரு வருசமா இந்த வாசலிலை வைச்சுக் கூப்பிடுறன். ஒரு நாளெண்டாலும் எங்கடை வீட்டிலை ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கிறீரோ?"

"அது அண்ணை, வேலையிலை குடிச்சிட்டு வாறதாலை..."

"ஓம். ஒவ்வொரு நாளும் இப்பதான் குடிச்சனீர்." குரலில் கோபம் இல்லை. "உமக்குத் தெரியாமல் செய்யிறீர் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான். ஊரிலை எங்கடை அப்பு தேத்தண்ணிக் கடைக்குப் போனால் உள்ளுக்கு விடமாட்டினம். வெளியிலை ஆணியிலை ஒரு தகரப் பேணி கொழுவிக் கிடக்கும். அவரே கழுவி அவரே நீட்டவேணும். பேணியோடை பேணி முட்டாமல் மேலை தூக்கிப் பிடிச்சு ஊத்துவினம். இண்டைக்கு நீர் கோப்பையைத் தூக்கின தூக்கிலை எனக்கு அந்தக் கைதான் தெரிஞ்சுது."

சட்டை ஈரம் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"திங்கள் தொடக்கம் நான் எஸ்-ரயிலிலை வாறன். அது எனக்கு வசதி," என்றுவிட்டு இறங்கினார். கதவை அடித்துச் சாத்தவில்லை. மெல்லத்தான் சாத்தினார்.

எதையும் ஒரு கிழமைக்குள் சரிப்படுத்திவிடலாம் என்று நம்புகிற ஆள் நான். அடுத்த சனிக்கிழமை ஒரு பெட்டி கேக்கும் கொண்டு அவர் வீட்டுக்குப் போய் மணியை அடித்தேன். அவரே கதவைத் திறந்தார். "தேத்தண்ணி குடிக்க வந்தனான் அண்ணை," என்றேன், பகிடி போல. அவர் கேக்கை வாங்கவில்லை. உள்ளே ஏலக்காய் மணந்தது. அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. "நாங்கள் இப்பதான் குடிச்சு முடிச்சனாங்கள் தம்பி," என்றார். நான் சொல்லிவந்த அதே தொனியில், அதே மரியாதையோடு. படியால் இறங்கும்போது எனக்குக் காது சுட்டது. இரண்டாயிரம் தடவையாவது நான் அவரை இப்படி அனுப்பியிருப்பேன்.

வீட்டில் இதைப் பழக்கதோசம் என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எச்சில் பார்த்து வளர்ந்த உடம்பு, கை தன்பாட்டில் தூக்கிவிட்டது என்றேன். டென்மார்க்கில் பிறந்த என் மகள் வழக்கம்போல டேனிஷில் பதில் சொன்னாள். என் ஐஸ்கிறீமை நக்கி முடிப்பது நீங்கள்தானே அப்பா, என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று முழுக்க வேறெதுவும் ஓடவில்லை. மகள் சொந்தம், சரி. முந்திய வருடத்து நத்தார் விருந்தில் பக்கத்திலிருந்த டேனிஷ்காரர் தன் பியரை ருசி பாரென்று நீட்டியபோது வாங்கி, உதடு வைத்துத்தானே குடித்தேன். அப்போது கை ஏன் மேலே போகவில்லை? அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதி வைக்கிறேன். அந்த முதல் நாள் சாப்பாட்டு அறையில் கேட்டு வாங்கிய பதிலை நான் பூட்டி வைக்கவில்லை, கையில்தான் வைத்திருந்தேன்.

யப்பான் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாதியை டேனிஷில் விளக்குவது பெரும்பாடு. அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். தன் நாட்டிலும் இப்படிச் சிலரைத் தள்ளி வைத்தவர்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு தன் கதை ஒன்றைச் சொன்னார். முதல் முதல் அந்தக் கட்டித் தேநீர் கைக்கு வந்தபோது அவருக்கு வயிற்றைப் பிரட்டியதாம். முன்னுக்கு இருந்து குடித்த மனிதருக்குத் தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்ததாம்.

"பிறகு ஏன் குடித்தீர்கள்?"

"அவர் நீட்டினார். அதனால் குடித்தேன்."

"துடைத்துத்தானே தந்திருப்பார்," என்றேன்.

"அப்படித் துடைத்தால் சுத்தமாகிவிடும் என்று நம்புகிறீர்களா? இந்தப் பிரிவில் வேலை செய்துகொண்டு?" என்று கேட்டு முதல் தடவையாக என்னைக் கேலி செய்தார். "ஒருவரும் நம்புவதில்லை. உனக்குப் பிறகு வருகிறவரை நான் நினைத்தேன் என்று காட்டத்தான் துடைக்கிறோம். அழுக்கு அங்கேயேதான் இருக்கும். தெரிந்துகொண்டுதான் குடிக்கிறோம்."

இன்னொரு தடவை அந்தத் தேநீரை வையுங்கள் என்று கேட்டேன். அதே ஆட்கள், அதே கிண்ணம், இந்தமுறை பிழை விடமாட்டேன் என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அந்தத் தேநீர் முடிந்துவிட்டது, அதைத் திரும்ப வைக்க முடியாது என்றார். அதே ஆட்களும் அதே கிண்ணமும் வந்தாலும் அது வேறொரு தேநீர்தான். ஒவ்வொரு தடவையும் இனி இது வராது என்ற நினைப்போடு கரி மூட்டுவதுதான் தான் படித்தது என்றார். அந்த நேரத்தில் எனக்கு இது பிடிக்கவில்லை. பிழை விட்டவனுக்கு எவ்வளவு கொடுமையான தத்துவம் என்று நினைத்தேன். பிந்தித்தான் விளங்கியது, போனதைத் திருத்த முடியாது என்று சொல்கிறவரிடம்தான் புதிதாக ஒன்றைக் கேட்கலாம் என்று.

பிறகு கொரோனா வந்தது. யப்பானிலேயே ஒரே கிண்ணத்தில் குடிப்பதை நிறுத்தி, ஆளுக்கொரு கிண்ணம் கொடுக்கிறார்கள் என்று யப்பான் அக்கா சொன்னார். உலகம் முழுக்க ஒருவருடைய கோப்பையை மற்றவர் தொடாத காலம். ஒரு விதத்தில் உலகமே என் பக்கம் வந்து சேர்ந்திருந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோசமும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் முகமூடிக்கு மேல் கண்ணாடிக் கவசமும் போட்டுக்கொண்டு அண்ணை நின்றார். என் பக்கத்துக் கதவு திறக்கும்போது சூடாக வருகிற ஒவ்வொரு தட்டும் அவர் கை பட்டு வந்தது. அதை எடுத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். வேலை விசயம் தவிர அவர் என்னோடு எதுவும் கதைப்பதில்லை. நான் சொல்லும் வணக்கத்துக்கு வணக்கம், அவ்வளவுதான்.

அந்தத் தொல்லை அடங்கிய அடுத்த வசந்தத்தில் யப்பான் அக்கா வேலையை விட்டார். ஊரில் தாயார் தனித்துப்போனார், கணவரும் தானும் அங்கே போய்விடப் போவதாகச் சொன்னார். குடிலைக் கைமாற்ற முதல் ஒரு தேநீர் என்று என்னைக் கூப்பிட்டார். வேறு யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கறைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். மேலே ஒரு கம்பளிச் சட்டை. மறைக்கவும் வேண்டும், போட்டிருக்கவும் வேண்டும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். குடில் வாசலில் அண்ணையின் சப்பாத்துக் கிடந்தது. அதைக் கண்டதும் முழங்காலில் இருந்தவன் அப்படியே இரண்டு நிமிடம் இருந்துவிட்டேன்.

உள்ளே அண்ணையும் தலைவியும் இருந்தார்கள். இந்தமுறை முதல் விருந்தினராக யப்பான் அக்கா என்னை வைத்தார். இரண்டாவது அண்ணை. எனக்கு அதன் அர்த்தம் விளங்கக் கொஞ்ச நேரம் சென்றது. நான் குடிப்பேன். குடித்து, துடைத்து, அவருக்கு நீட்டுவேன். குடிப்பதும் விடுவதும் அவர் கையில். கரிச் சூட்டில் எனக்கு வியர்த்துக் கொட்ட, கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டியதாயிற்று. பச்சைக் கறை எல்லோருக்கும் முன்னால் வந்தது. அண்ணை அதை மேலிருந்து கீழே வரை பார்த்தார்.

நான் மூன்றரை மிடறு குடித்தேன். உதடு வைத்துக் குடித்தேன். கசப்பும் ஒரு பச்சை இனிப்புமாக அந்தத் தேநீரின் ருசியே எனக்கு அன்றுதான் தெரிந்தது. துடைத்தேன். கிருமிகள் அங்கேயேதான் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டே, உள்ளும் புறமும், அவர் துடைத்ததைப் போல. திருப்பி நீட்டினேன். அண்ணை உடனே வாங்கவில்லை. கேத்தல் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இரண்டு கையாலும் வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். உயர்த்தினார். கிண்ணம் நெஞ்சுக்கு வந்து, தாடைக்கு வந்து, நெற்றிக்கு வந்தது. அண்ணாந்து குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். குடித்தால் நியாயம்தான் என்றும் நினைத்தேன். அது நன்றி சொல்லும் உயர்த்தல் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. கிண்ணம் இறங்கியது. அவர் உதட்டை வைத்துக் குடித்தார். நான் எண்ணினேன். மூன்றரைக்கு மேலேயே குடித்தார். தலைவிக்கு மிஞ்சியது கொஞ்சம்தான்.

வெளியே வந்து சப்பாத்துப் போடும்போது, "உதை இன்னும் எறியேல்லையோ?" என்று என் சட்டையைப் பார்த்துக் கேட்டார். வேலை சம்பந்தமில்லாமல் அவர் என்னோடு கதைத்தது மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. யப்பான் அக்கா வாசலில் முழங்காலில் இருந்தபடி, நாங்கள் கண்ணுக்கு மறையும் வரை கும்பிட்டுக்கொண்டிருந்தார். விருந்தினர் போன பிறகும் அப்படி இருப்பது அவர் படித்த முறை. நான் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தேன். அதற்குப் பிறகு அவரை நேரில் காணவில்லை.

அண்ணை எஸ்-ரயில் நிலையப் பக்கம் திரும்பாமல் என் காரில் ஏறினார். வீட்டு வாசலில் நிறுத்தினேன். கதவில் கையை வைத்துக்கொண்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போமன் தம்பி," என்றார். பதினொரு வருடப் பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் அது பொய்கூட இல்லை, உண்மையாகவே இப்போதுதான் குடித்துவிட்டு வந்திருந்தோம். காரை நிறுத்திவிட்டு அவருக்குப் பின்னால் படியேறினேன். அவர் மனைவி ஏலக்காய் போட்டுத் தேநீர் தந்தார். சீனி அப்படியொரு சீனி, பல் கூசியது. இரண்டு கோப்பை குடித்தேன். அவர் மனைவி என் சட்டையைக் கண்டுவிட்டு, தேசிக்காயும் உப்பும் போட்டால் போகும் என்றார். போட்டுப் பார்த்தேன், போகவில்லை.

யப்பான் அக்கா இடையிடையே படம் அனுப்புவார். தாயாரோடு ஒரு மேசையில், முன்னால் ஒரு கிண்ணம். குடிலை வாங்கிய இளம் சோடி அந்தச் சதுர வாசலை மூடிப் பெரிய கண்ணாடிக் கதவு வைத்துவிட்டார்கள் என்று அண்ணை சொன்னார். வைக்கட்டும். அது இப்போது அவர்களுடைய குடில்.

போன சனிக்கிழமை மனைவி தேநீர் போட்டுத் தந்தாள். குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைக்கும்போது, அவள் அலுமாரியைத் துப்புரவு செய்துகொண்டு வந்து அந்தச் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இதை எறியட்டோ?" என்றாள். அந்த நேரம் பார்த்து அண்ணையின் தொலைபேசி.

"தம்பி, என்ன செய்யிறீர்? தேத்தண்ணிக்கு வாறீரோ?"

நான் வெறுங்கோப்பையைப் பார்த்தேன். "இன்னும் குடிக்கேல்லை அண்ணை," என்றேன். "வாறன்."

மனைவி கோப்பையையும் பார்த்து என்னையும் பார்த்தாள். பிறகு சட்டையைத் திரும்பக் கொண்டுபோய் அலுமாரியில் கொழுவினாள்.